சத்தம் தேடிப்போன லுக்யான்

எங்கள் ஊரில் லுக்யான் வருவதைப் பார்த்தால் முதலில் கதவைச் சாத்துவார்கள். சாத்திவிட்டு, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் தையல் மெஷினையோ வெல்டிங் பெட்டியையோ நிறுத்துவார்கள். அதன் பிறகுதான் கதவு திறக்கும். "அடடே, லுக்யான் தெரெந்தியிச்சா! வாங்க வாங்க, டீ போடட்டுமா?" என்று முகம் நிறையச் சிரிப்பார்கள். அவர் குதிரையை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "டீ அப்புறம். மோட்டாரை எங்க ஒளிச்சு வச்சிருக்கே, அதை முதல்ல காட்டு" என்பார்.

அவருடைய வேலை அது. ஆற்றுக்கு அக்கரையில், முன்பு கூட்டுப்பண்ணை மாடுகள் மேய்ந்த புல்வெளியில், விஞ்ஞானிகள் ஒரு தொலைநோக்கி கட்டியிருந்தார்கள். கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் அல்ல. ஆளைவிடப் பல மடங்கு உயரமான அலுமினியத் தகடுகள் வட்டமாக நின்றன. சூப்பை ஊற்றி வைத்துவிட்டு அந்தத் தகடுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சூப் ஆறிப்போயிருக்கும். நாங்கள் அதை வளையம் என்போம். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது பிடித்தது. அந்த அலைகள் அவ்வளவு மெலிந்தவை. ஊரில் ஒருத்தி தையல் மெஷின் மோட்டாரைப் போட்டால் போதும், வானம் காணாமல் போய்விடும். பொறி பறக்கிற பொருள் எதுவானாலும் அது வளையத்துக்குப் பகை. அப்படிப்பட்ட பொருள்களைத் தேடிப் பிடித்து, கெஞ்சியோ மிரட்டியோ நிறுத்துவதற்கென்று ஒரு ஆள் வேண்டியிருந்தது. லுக்யான்தான் அந்த ஆள்.

மோட்டார் சைக்கிளில் போனால் அதுவே சத்தம். அதனால் அவருக்கு ஸோர்க்கா என்ற பெண்குதிரையைக் கொடுத்திருந்தார்கள். குதிரை முதுகில் அவர், அவர் மடியில் ஒரு ரேடியோப் பெட்டி, கையில் வைக்கோல் வாரும் கருவியைப் போல ஒரு ஆன்டெனா. அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். போரில் ரேடியோக்காரராக இருந்தவர். பக்கத்தில் விழுந்த குண்டு ஒன்று இடது காதை ஒரேயடியாக மூடிவிட்டது. யாராவது பேசினால் தலையைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டுவார். ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'காது'. வைத்தவர் எங்கள் பண்ணைத் தலைவர் ஆர்கிப் சவேலியிச். "ஒரு காது செவிடான ஆளைப் பிடிச்சு உலகத்தோட சத்தத்தை எல்லாம் கேக்கச் சொல்லியிருக்காங்க பாரு, அதான் நம்ம அரசாங்கம்" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்ப்பார்.

நான் ராயிசா, எல்லாருக்கும் ராயா. வளையத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் சமைத்தேன். லுக்யான் தினமும் மூலை மேசையில், சுவருக்கு இடது காதைக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுவார். கல்யாணம் ஆகாதவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார். பரிமாறும்போது தட்டைப் பார்த்து, "போதும் ராயா, இதுக்கு மேல போட்டா ஸோர்க்கா என்னைத் தள்ளிவிட்டுடும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் நான் இன்னொரு கரண்டி போடுவேன்.

ஊரையே வாய் மூட வைத்துவிட்டு அப்படி என்னதான் கேட்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒரு நாள் மதியம் எல்லா மார்கோவ்னா என்ற விஞ்ஞானியிடமே கேட்டுவிட்டேன். லெனின்கிராடிலிருந்து வந்த அம்மாள் அவர். ஒல்லியானவர், ஓயாமல் சிகரெட் பிடிப்பார். அலைகளை வாங்குகிற கருவிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவர் சமையலறைக்குள் வந்து என் பெரிய செங்கல் அடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"இதைக் காலையில எரிச்சியா?"

"விடியறதுக்கு முன்னாடியே எரிச்சாச்சு."

"இப்ப உள்ள நெருப்பு இல்லை. ஆனா கை வச்சா, எரிஞ்சதுன்னு தெரியுது இல்லையா? எல்லாமே ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது ராயா. நட்சத்திரம் கிடையாது, பூமி கிடையாது. எங்க பார்த்தாலும் ஒரே தகதகப்பு. அப்புறம் விரிஞ்சு விரிஞ்சு ஆறிப்போச்சு. அந்தச் சூட்டோட மிச்சம் இன்னும் எல்லாப் பக்கத்துல இருந்தும் நம்ம மேல பட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நாங்க அதுலதான் கை வச்சுப் பாக்கறோம்."

"பாத்து?"

"சுவர் முழுக்க ஒரே மாதிரி சூடா இருக்கா, இல்லை எங்கேயாவது ஒரு துளி கூடுதல் குறைச்சல் இருக்கான்னு தெரியணும். அந்தத் துளி வித்தியாசத்துல இருந்துதான் நட்சத்திரங்கள், பூமி, நீ, நான் எல்லாம் வந்திருக்கணும்."

மூலை மேசையில் லுக்யான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வலது காதை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். அந்த வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியும் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அது எண்பதாம் வருஷத்து மார்ச். அந்தக் குளிரில் ஒரு பெரிய வேலையை ஆரம்பித்திருந்தார்கள். வானத்தின் ஒரே பட்டையைத் தினமும் அது தலைக்கு மேல் கடக்கும் முற்பகலில் பதிவு செய்ய வேண்டும்; வாரக்கணக்கில். பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் அந்தத் துளி தெரியும். ஆனால் காகிதச் சுருளில் பேனா வரையும் கோட்டில் தினமும் முள் முள்ளாக ஏதோ விழுந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை, ஒரு டிக். எல்லா மார்கோவ்னா சிகரெட்டை ஜன்னல் கட்டையில் நசுக்கி, "லுக்யான் தெரெந்தியிச், இதைக் கண்டுபிடிக்கலைன்னா இந்த வருஷம் போச்சு" என்றார்.

லுக்யான் போனார். செருப்புத் தைப்பவர் வீட்டு மோட்டார் இல்லை. பள்ளிக்கூடத்து மணி இல்லை. தபால் ஆபீஸ் இல்லை. பல நாள் அலைந்து ஊர்க் கோடிக்கு வந்தார். அங்கே பண்ணையின் குஞ்சு பொரிக்கும் கொட்டகை இருந்தது. அதன் பொறுப்பு என் அக்கா கபித்தோலினாவிடம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவள் புருஷன் டிராக்டர் ஓட்டியவன். ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் டிராக்டரோடு போய்விட்டான். குழந்தை இல்லை. அதற்குப் பிறகு அவள் வாய் கூர்மையாகிக்கொண்டே போனது. ஆண்கள் அவளிடம் பேச யோசிப்பார்கள். கோழிக்குஞ்சுகளிடம் மட்டும் பஞ்சு போலப் பேசுவாள்.

நான் அன்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கதவில் லுக்யான் நின்றார், கையில் ஆன்டெனாவோடு.

"யாரது? அந்த வைக்கோல் வாரியை வெளிய வச்சுட்டு, பூட்ஸைத் தட்டிட்டு, கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் அக்கா.

மூன்றையும் செய்தார். "இங்க ஏதோ டிக் டிக்குங்குதும்மா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எனக்கும்தான் கேக்கலை. என் பெட்டிக்குக் கேக்குது."

பெரிய துணி அலமாரி மாதிரி இருந்த அந்தப் பழைய பொரிப்புப் பெட்டியில்தான் சத்தம். சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்து, இறங்கினால் இணைக்கிற ஒரு சின்ன விசை. இணைக்கும்போதெல்லாம் ஊசிமுனை அளவு பொறி. லுக்யான் அதில் எதையோ வைத்துக் கட்டிப் பார்த்தார். டிக் மெலிந்தது, நிற்கவில்லை. புது விசை நகரத்திலிருந்து வரக் கோடை ஆகும்.

"இதைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைக்கணும். தினமும் காலையில" என்றார்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "எதுக்கு?"

"வானத்தைக் கேக்கணும்."

"வானம் செத்துப்போகாது. இதுங்க செத்துப்போகும். முட்டையைப் பெட்டியில வச்சது நேத்து இல்லை, உள்ள உசுரு வந்தாச்சு. போய் உங்க விஞ்ஞானிங்ககிட்ட சொல்லுங்க, காப்பா முடியாதுன்னுட்டான்னு."

விஷயம் ஆர்கிப் சவேலியிச் வரைக்கும் போனது. மறுநாள் அவர் சாப்பாட்டுக்கூடத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

"எல்லா மார்கோவ்னா, உங்க பிரபஞ்சம் எவ்வளவு காலமா இருக்குது?"

"ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப இன்னும் ரெண்டு வாரம் பொறுக்கட்டும். கோழிக்குஞ்சு பொறுக்காது."

"ரெண்டு வாரத்துல பனி உருகி காத்துல ஈரம் ஏறிடும். ஈரம் ஏறினா ஒண்ணும் தெரியாது. அப்புறம் அடுத்த குளிர்காலம்தான்."

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மூலையிலிருந்து லுக்யான் எழுந்தார். "பெட்டியை நான் கையால சூடு பண்றேன். செங்கல் சுட்டு வைப்பேன், வெந்நீர் டப்பா வைப்பேன். மெஷின் ஓடாத நேரத்துக்கு நான் பொறுப்பு."

"முட்டை கெட்டுப்போனா?" என்றார் ஆர்கிப்.

"கெட்டுப்போனா வளையத்தை விட்டுட்டு உங்க பண்ணையில சாணி அள்ள வர்றேன்."

ஆர்கிப் யோசித்தார். "கெட்டுப்போகலைன்னாலும் வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை நீட்டி என்னிடம் போர்ஷ் சூப் கேட்டார். அப்படித்தான் அது முடிவானது.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். சூடான செங்கல், நனைந்த கம்பளி, ஸோர்க்காவின் வியர்வை, முட்டை அடுக்கின் வைக்கோல். லுக்யான் வெயில் ஏறும் முன்பே வந்து அக்காவின் அடுப்பில் செங்கற்களைப் போடுவார். வளையத்திலிருந்து நேரம் சொல்லியிருப்பார்கள். நேரம் வந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, செங்கற்களைக் கம்பளியில் சுற்றித் தட்டுகளுக்கு அடியில் வைப்பார். அக்கா தெர்மாமீட்டரில் கண்ணை வைத்திருப்பாள். "இன்னொண்ணு", "போதும்", "ஐயோ அதை எடுங்க, வேகவைக்கவா போறீங்க?" வேறு பேச்சு இல்லை. நான் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்து வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அக்காவே பேச்சை ஆரம்பித்தாள். "ராயா சொன்னா, எல்லாம் முதல்ல ஒரே சூடா இருந்ததாமே. அந்தச் சூடு எங்கிருந்து வந்துச்சு?"

லுக்யான் கையிலிருந்த செங்கல்லோடு நின்றுவிட்டார். "எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வர்றேன்."

அன்று மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் கலவரம். அவர் கேள்வியைப் போட்டதும் விஞ்ஞானிகள் கரண்டியை வைத்துவிட்டார்கள். ஒருவர் ரொட்டித் துண்டை உருட்டிக் காட்டினார். இன்னொருவர் அதைப் பறித்துப் பிய்த்துப்போட்டார். என் கஞ்சி ஆறிப்போனது. கடைசியில் எல்லா மார்கோவ்னா, "போய்ச் சொல்லுங்க லுக்யான் தெரெந்தியிச், எங்களுக்குத் தெரியலைன்னு. அதுக்கு முன்னாடி 'முன்னாடி'ன்னு ஒண்ணு இருந்ததான்னே தெரியலைன்னு" என்றார்.

மறுநாள் அவர் அப்படியே சொன்னார். அக்கா தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். "தெரியலைன்னா சொன்னாங்க? அப்ப அவங்களை நம்பலாம்" என்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் ஒரு கேள்வி குதிரையில் ஏறிப் போனது. மறுநாள் பதில் குதிரையில் வந்தது. முட்டை ஓடு எதனால் ஆனது என்று கேட்டாள். சுண்ணாம்பு. சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? நட்சத்திரங்களுக்கு உள்ளே வெந்து, அவை வெடித்துச் சிதறி, அந்தத் தூசு திரண்டு பூமியானபோது கூடவே வந்தது.

"அப்ப நான் கோழிக்குத் தினமும் இடிச்சுப் போடற சுண்ணாம்பு நட்சத்திரமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அதான் உரல் உடைஞ்சுபோச்சு."

அவர் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இன்னொரு நாள் கேள்வி இது: நட்சத்திரத் தூசில் கோழி எப்படி வந்தது? அதற்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. வளையத்தில் யாருக்கும் அது சரியாகத் தெரியாமல், எல்லா மார்கோவ்னா லெனின்கிராடில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டார். லுக்யான் அதைப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"முதல்ல கண்ணுக்கே தெரியாத பொடி உசுருங்க. தண்ணியில. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வழவழன்னு பாசி மாதிரி கிடந்துதாம். பூமியோட ஆயுசுல பெரும்பகுதி அது மட்டும்தான் இருந்ததாம் காப்பா. மீன் கிடையாது, மரம் கிடையாது, ஒரு புழு கூடக் கிடையாது."

"அவ்வளவு காலம் அது என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

"வெயில் காஞ்சுது. மூச்சு விட்டுது. அது விட்ட மூச்சு காத்துல சேர்ந்து சேர்ந்துதான் நாம இப்ப இழுக்கறது."

அக்கா "யாரும் இல்லாத ஊர்ல அவ்வளவு நாளா" என்று மட்டும் சொன்னாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். புருஷன் போன பிறகு அந்தக் கொட்டகையில் அவள் எத்தனை குளிர்காலம் தனியாக இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவள் ஜன்னலுக்குத் திரை போட்டு, ஒரு முட்டையை எடுத்து விளக்கின் முன் பிடித்தாள். "இங்க வாங்க. நீங்களும்தான் ஏதாவது பாருங்க" என்றாள். ஓட்டுக்குள் சிவப்பு நரம்புகள் கிளை விட்டிருந்தன. கருநிழல் ஒன்று மிதந்தது, அசைந்தது. லுக்யான் முட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, என்ன நினைத்தாரோ, வலது காதில் வைத்தார்.

"ஐயோ, அது ஒண்ணும் சொல்லாதுங்க. பாக்கத்தான் முடியும்" என்று அக்கா சிரித்தாள். ஆனால் முட்டையைத் திருப்பி வாங்கவில்லை.

அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "என்ன, எங்க அக்கா திட்டிட்டாளா?" என்றேன். "உள்ள தண்ணியில நீந்துது ராயா" என்றார். "ஓட்டுக்குள்ள ஒரு துளிக் கடலை மூடி வச்ச மாதிரி."

ஏப்ரல் பிறந்ததும் ஈரப்பனி கொட்டியது. ஒரு காலையில் மலைப்பாதையில் மின்கம்பங்கள் சாய்ந்து, பள்ளத்தாக்கு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. கொட்டகையில் முட்டைகள் பொரிய ஆரம்பித்திருந்தன. சிலவற்றின் ஓட்டில் நட்சத்திரக் கீறல் விழுந்து உள்ளிருந்து கீச்சுக்குரல் வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் செங்கல் தாங்கும். நாள் முழுக்கத் தாங்காது. விறகும் நனைந்திருந்தது.

வளையத்தில் ஒரு டீசல் மின்எந்திரம் உண்டு. அதன் தெம்புக்கு ஒன்று கருவிகளை ஓட்டலாம். இல்லாவிட்டால், செங்கல் அடுப்பு போதாத நாளுக்கென்று சாப்பாட்டுக்கூடத்தில் வைத்திருந்த பெரிய மின்அடுப்புகளை ஓட்டலாம். இரண்டும் முடியாது. லுக்யான் பனியில் வந்து இறங்கியபோது ஸோர்க்காவின் மூக்கில் பனிக்கட்டி தொங்கியது. எல்லா மார்கோவ்னா கருவி அறைக்குப் போகிற வழியில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பட்டை தலைக்கு மேல் வர அதிக நேரம் இல்லை.

லுக்யான் சுற்றி வளைக்கவில்லை. "குஞ்சுங்க வெளிய வந்துக்கிட்டிருக்கு. அங்க சூடு இல்லை."

எல்லா மார்கோவ்னா கடிகாரத்தைப் பார்த்தார். லுக்யானைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "ராயா, உன் மேசை எல்லாம் காலி பண்ணினா எத்தனை முட்டை பிடிக்கும்?" என்றார்.

"அத்தனையும் பிடிக்கும்" என்றேன். எனக்கு அது தெரியவே தெரியாது.

அவர் கருவி அறைக்குள் தலையை நீட்டி, "நிறுத்துங்க. இன்னிக்கு வானம் வேண்டாம்" என்றார்.

பனிச்சறுக்கு வண்டியில் ஸோர்க்காவைப் பூட்டினோம். பஞ்சு வைத்துத் தைத்த கோட்டுகள், கம்பளி, வைக்கோல், வளையத்தில் இருந்த அத்தனை தலையணைகள். முட்டைகளை அடுக்கி மூடி, அக்கா அதன் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். வண்டியில் அடங்காததை விஞ்ஞானிகள் ஆட்டுத்தோல் தொப்பிக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு பெரிய மனிதர், நாலு மொழியில் பேசுகிறவர், சறுக்கி விழப்போய், விழாமல் முட்டையைக் காப்பாற்றியதற்காக அக்கா அவருக்கு, "ராசா, நீ நல்லா இருப்பே" என்று வாழ்த்துச் சொன்னாள்.

மதியத்துக்குள் என் சாப்பாட்டுக்கூடம் முழுவதும் கீச்சுக்கீச்சு. சூப் தட்டுகளில் குஞ்சுகள், ரொட்டிக் கூடையில் குஞ்சுகள். எல்லா மார்கோவ்னா சிகரெட்டை மறந்துவிட்டு, ஈரமான ஒரு குஞ்சைக் கழுத்துத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். எல்லாமே பிழைக்கவில்லை. பிழைக்காதவற்றை அக்கா தனியாக ஒரு பெட்டியில் வைத்து மூடினாள், யாரும் பார்க்க வேண்டாம் என்று.

சாயங்காலம் ஆர்கிப் சவேலியிச் வந்தார், பனியில் முழங்கால் வரை நனைந்து. "டிராக்டர் எங்க?" என்று லுக்யான் கேட்டார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திட்டேன். உங்க வானத்துக்குச் சத்தம் ஆகாதே."

"இன்னிக்கு மெஷினே ஓடலை ஆர்கிப் சவேலியிச்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா!" என்று அவர் கத்தியதில் குஞ்சுகள் எல்லாம் ஒரு கணம் அடங்கிப் பிறகு ஒன்றாகக் கத்தின. நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

குஞ்சுகள் பண்ணைக்குப் போயின. பொரிப்புப் பெட்டி அணைந்தது. டிக் நின்றது. லுக்யான் கொட்டகைப் பக்கம் வருவதற்குக் காரணம் இல்லாமல் போனது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அக்கா என்னிடம், "அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கார். கேள்விதான் வரலைன்னு விஞ்ஞானிங்க எல்லாம் கவலைப்படறாங்க."

மறுநாள் காலை நான் கொட்டகையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து போய்க் காலிப் பெட்டியின் விசையைப் போட்டாள். போட்டுவிட்டுத் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

குதிரைக் குளம்புச் சத்தம் கேட்க ரொம்ப நேரம் ஆகவில்லை. லுக்யான் பூட்ஸைத் தட்டினார், கையைக் கழுவினார், உள்ளே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"காலியா இருக்கே. எதுக்கு ஓட்டறீங்க?"

"காய வைக்கறேன்."

"எதை?"

"பெட்டியைத்தான். வேற எதை?"

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விதை கொறிப்பதை நிறுத்தவில்லை. "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார் மெதுவாக.

"ஒண்ணு இருக்கு. ஆனா இதைக் கொண்டுபோய் அங்க யார்கிட்டயும் கேக்கக் கூடாது. நீங்களே பதில் சொல்லணும்."

அதற்கு மேல் நான் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. விதையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். கோடையில் கல்யாணம். ஒரு பக்கம் பண்ணை, ஒரு பக்கம் வளையம். ஆர்கிப் அக்கார்டியன் வாசிக்க, எல்லா மார்கோவ்னா ஆடினார். ஒல்லியான உடம்பில் அவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் லுக்யான் ஒரு நீளக் காகிதச் சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை மேல் விரித்தார். எல்லா நாளையும் சேர்த்துப் போட்ட கோடு. கிட்டத்தட்ட நேர்க்கோடு.

"இதுவா?" என்றாள் அக்கா.

"இதுதான். சுருக்கமே இல்லை. எந்தப் பக்கம் கை வச்சாலும் ஒரே சூடு. அந்தத் துளி வித்தியாசம் எங்க கைக்கு எட்டலை."

"அப்ப நாம செங்கல் சுமந்தது?"

"இவ்வளவு உத்துப் பார்த்தும் தெரியலைன்னா, அது இதைவிடச் சின்னதுன்னு இப்ப உறுதியா தெரியும் இல்லை? அதுவே பெரிசுங்கறாங்க."

அக்கா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் விரலால் தடவினாள். "எனக்கு அவ்வளவா பிடிக்கலை" என்றாள். "ஆனா கிழிச்சுடாதீங்க."

நல்ல வருஷங்கள் அவை. அவருக்குக் கடிவாளத்தை எடுத்துக் கொடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஊர் வம்பைக் கொண்டுவருகிறவர் ஒருவர் இருந்தார். யார் வீட்டில் என்ன மோட்டார் ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு ஊரில் எது தெரியாது? வீட்டுப் படியில் உட்கார்ந்து இருவரும் சண்டை போடுவது எனக்கு இரண்டு வேலி தாண்டிக் கேட்கும். அவருக்குக் கேட்க வேண்டும் என்று அக்கா கத்துவாள். அவள் கத்துகிறாள் என்று அவர் கத்துவார்.

பிறகு நாடு உடைந்தது. பண்ணை போனது, கொட்டகையின் கூரையை யாரோ பிரித்துக்கொண்டு போனார்கள். ஸோர்க்கா ஒரு குளிரில் படுத்தது, எழவில்லை. விஞ்ஞானிகளில் பாதிப் பேர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். லுக்யானுக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் நடந்தே வளையத்துக்குப் போய், மூலை மேசையில் உட்கார்ந்து என்னோடு டீ குடித்துவிட்டு வருவார்.

தொண்ணூற்றிரண்டில் உருளைக்கிழங்கு நடுகிற சமயம். நானும் அக்காவும் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். அவர் வளையத்திலிருந்து வேகமாக நடந்து வந்தார். எழுபதை நெருங்கியவருக்கு அது நடையே அல்ல, ஓட்டம்.

"கண்டுபிடிச்சுட்டாங்க! அந்தத் துளி வித்தியாசத்தை. வெளிநாட்டுக்காரங்க. மேல பூமியைச் சுத்துற மெஷினை வச்சு."

அக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு இருக்காம்?"

"லட்சத்துல ஒரு பங்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"உங்களுக்கு வருத்தமா இருக்கா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எல்லா மார்கோவ்னா கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கிட்டாங்க. எனக்கு இல்லை. அவங்களுக்கு அங்க மேல சுலபம் காப்பா. சுத்திலும் ஒருத்தரும் இல்லை, சத்தம் போட."

"பாவம்" என்றாள் அக்கா. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு எங்களோடு கிழங்கு நட்டார்.

அவருடைய வலது காதும் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. கடைசி வருஷங்களில் அக்கா அவர் தோளில் தட்டி, உதட்டை அசைத்துப் பேசுவாள். அதே சமயத்தில் குன்றின் மேல் செல்போன் கோபுரம் எழுந்தது. அதைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, இப்ப என் வேலையில யாரும் இல்லை" என்றார். கசப்பாகச் சொல்லவில்லை. மறு வருஷம் இலையுதிர்காலத்தில், ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சாவுச் சாப்பாட்டை நான்தான் சமைத்தேன். எல்லா மார்கோவ்னா கைத்தடியோடு வந்தார். ஆர்கிப் சவேலியிச்சும் வந்தார். தலைமை எல்லாம் போய், பல்லும் போய், ஆனால் தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. தேனும் கோதுமையும் கலந்த கஞ்சியை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"என் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாத ஒண்ணைச் சொல்றேன். மாஸ்கோவுல எனக்கு ஒரு மின்சார ஷேவிங் மெஷின் பரிசு கொடுத்தாங்க. மாவட்டத்துலயே எனக்கு மட்டும்தான். வீட்டுல போட்டா இந்த மனுஷன் வந்துடறான். அலுவலகத்துல போட்டா வந்துடறான். பாதாள அறையில முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னாடி உக்காந்து போட்டேன். ஒரு கன்னம் முடியலை, மேல கதவைத் தட்டறான். 'தலைவரே, இன்னொரு கன்னத்தைப் பிளேடால பண்ணிக்குங்க'ங்கறான்!"

முதலில் சிரித்தது அக்காதான். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. எல்லா மார்கோவ்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆர்கிப் நின்றபடியே தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.